பெரிய டயர் போட்ட பிக்கப்புக்கு எந்த கிரவுன் பினியன்? மலைப்பாதைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவே பிக்கப் ஓட்டுகிறேன். கீழே போகும்போது கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். மேலே வரும்போது உர மூட்டை, பல நாள் வெறும் வண்டி. மெக்கானிக் படிப்பெல்லாம் கிடையாது. ஒரே வண்டியில் இரண்டு தடவை கிரவுன் பினியன் மாற்றி, அதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான். டயரைப் பெரிதாக்கிவிட்டு "வண்டி இழுக்கலையே அண்ணா" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

4.10, 4.56 என்கிறார்களே, அது என்ன எண்?

பின் ஆக்சில் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே, அந்த ஹவுசிங்குக்குள் இரண்டு பல்சக்கரங்கள் கடித்துக்கொண்டு நிற்கும். பெரியது கிரவுன், சின்னது பினியன். கிரவுனின் பல்லைப் பினியனின் பல்லால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.10. அதே 41-க்குப் பினியனில் 9 என்றால் 4.56. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீள ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று வரும் என்று அர்த்தம்.

எண் பெரிதானால் இழுவை அதிகம், ஓட்டம் குறைவு. எண் சின்னதானால் நேர்மாறு. "ஹை ரேஷியோ", "லோ ரேஷியோ" என்று ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்வார்கள். பட்டறையில் அந்தச் சொற்களை நம்பாதீர்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஏன் 40-க்கு 10 என்று சுத்தமாக வைக்காமல் 41-க்கு 10 என்று வைக்கிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. 40-க்கு 10 என்றால் பினியனின் ஒரு பல் எப்போதும் கிரவுனின் அதே நாலு பல்லையே கடித்துக்கொண்டிருக்கும். 41 என்றால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் ஒரே சீராக இருக்கும்.

டயர் பெரிதானால் இழுவை ஏன் குறைகிறது? எஞ்சின் அதேதானே?

எஞ்சின் அதேதான். ஆனால் சக்கரத்தின் நடுவிலிருந்து ரோடு வரைக்கும் உள்ள தூரம் கூடிவிட்டது. ஆக்சில் அதே முறுக்கைத்தான் தருகிறது, அது ரோட்டைத் தள்ளும் இடம் மட்டும் தள்ளிப்போய்விட்டது. ஆரம் 12 சதவீதம் கூடினால் ரோட்டில் கிடைக்கும் தள்ளு 10 சதவீதத்துக்கு மேல் குறையும். இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் நடுவில் யாரோ ஒரு கியரைச் சொருகி உங்களை அதிலேயே ஓட்டச் சொன்ன மாதிரி இருக்கும்.

இதோடு டயரின் எடையும் சேரும். மண் பாதைக்கென்று வரும் தடித்த டயர் ஒவ்வொன்றும் பழைய டயரைவிடப் பல கிலோ கனம். கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்கும்போது அந்தக் கனம் கிளட்சில்தான் தெரியும்.

என் டயர் எவ்வளவு பெரிது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்தே போடலாம். 215/75 ஆர் 15 என்று இருந்தால் 215 மி.மீ. அகலம், அதில் 75 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல ரிம். 215-ல் 75 சதவீதம் 161.25. மேலே ஒன்று கீழே ஒன்று, ஆக 322.5. ரிம் 15 அங்குலம் என்றால் 381 மி.மீ. கூட்டினால் 703.5 மி.மீ. விட்டம்.

இதே மாதிரி 235/75 ஆர் 15 போட்டால் 733.5 வரும், முன்னதைவிட 4 சதவீதத்துக்குச் சற்று மேல். 31 அங்குல டயர் (31x10.5 ஆர் 15 என்று எழுதியிருக்கும்) 787 மி.மீ., கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதல். ஏட்டில் வரும் அளவு இது. லோடு ஏறியதும் டயர் கொஞ்சம் அமுங்கும். ஆனால் பழைய டயரும் அமுங்கியதுதானே, ஒப்பிடுவதற்கு இது போதும்.

சரி, அதற்கு ஏற்ற ரேஷியோ?

பழைய ரேஷியோவைப் புது விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுங்கள். 4.10 உள்ள வண்டி, 703.5-லிருந்து 787-க்குப் போகிறது. 4.10 பெருக்கல் 787, வகுத்தல் 703.5. விடை 4.59. கடையில் 4.59 என்று ஒன்று கிடைக்காது, 4.56 கிடைக்கும். எடுத்துக்கொள்ளலாம்.

இது வண்டியைக் கம்பெனி கொடுத்த நிலைமைக்குத் திருப்பிக் கொண்டுவரும் கணக்கு. அதற்கு மேல் ஒரு படி ஏற்றுவதா வேண்டாமா என்பதில்தான் மலைக்காரனுக்கும் சமவெளிக்காரனுக்கும் வித்தியாசம். கீழே பாருங்கள்.

எத்தனை சதவீதம் வரைக்கும் ஒன்றும் செய்யாமல் விடலாம்?

என் அனுபவத்தில் 5 வரைக்கும் விட்டுவிடலாம். 235/75 போட்டுவிட்டு கிரவுனைக் கழற்றுவது வீண் செலவு. 5-லிருந்து 8 வரை, எந்தப் பாதை, எவ்வளவு லோடு என்பதைப் பொறுத்தது. 10 தாண்டினால் மாற்றாமல் லோடு ஏற்றாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

மலை ஏறத்தானே இழுவை வேண்டும்? என் வண்டி காலியாகத்தான் ஏறுகிறது. பிறகு எதற்கு ரேஷியோ மாற்ற வேண்டும்?

நீலகிரியில் ஓட்டும் முக்கால்வாசிப் பேருக்கு இதே நிலைமைதான். இதே காரணத்துக்காகத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

நம் மலையில் லோடு கீழ்நோக்கிப் போகிறது. காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது, வண்டி வெறுமனே திரும்புகிறது. பெரிய டயர் ஏறும்போது கெடுப்பதை ஒரு கியர் குறைத்துச் சமாளித்துவிடலாம், பத்து நிமிஷம் தாமதமாகும், அவ்வளவுதான். இறங்கும்போது கெடுப்பது வேறு. வண்டியைப் பிடித்து வைத்திருப்பது எஞ்சின். அந்தப் பிடியும் இதே கிரவுன் பினியன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. டயர் பெரிதானால் பிடி தளர்கிறது.

அதுவும் இரண்டு வழியில் தளர்கிறது. ஒன்று, முன்னே சொன்ன நெம்புகோல் கணக்கு. இன்னொன்று, அதே வேகத்தில் எஞ்சின் குறைவாகச் சுற்றுகிறது. குறைவாகச் சுற்றும் எஞ்சின் குறைவாகத்தான் தடுக்கும். இரண்டாம் கியரின் ரேஷியோ 2.2 என்று வைத்துக்கொள்வோம். 4.10 கிரவுன், 703 மி.மீ. டயரில் மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால் எஞ்சின் நிமிஷத்துக்கு 2,040 சுற்றில் இருக்கும். 31 அங்குல டயர் போட்டால் அதே 30-ல் 1,820. வண்டி மெல்ல மெல்ல ஓடப் பார்க்கும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். 4.56 மாட்டினால் 2,030-க்குத் திரும்பிவிடும்.

கோத்தகிரி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் 300-க்குக் கொஞ்சம் மேலே. நடுவில் 1,500 மீட்டர் இறக்கம், முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டரில். வண்டியும் லோடும் சேர்ந்து 2,800 கிலோ என்றால், இந்த இறக்கத்தில் எங்காவது கரைந்தாக வேண்டிய சக்தி எவ்வளவு தெரியுமா? சுமார் 120 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் அளவு. டயர் உருள்வதிலும் காற்றிலும் கால்வாசி போகட்டும். மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சின் வாங்காத பங்கு அத்தனையும் டிரம்மிலும் டிஸ்க்கிலும் சூடாகச் சேரும்.

நான் முதல் தடவை 31 அங்குலம் போட்டபோது டயர் கடைக்காரர் "ஒண்ணும் ஆகாது, வண்டி கம்பீரமா இருக்கும்" என்றார். கம்பீரமாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள், கேரட் லோடு. இதே பாதையில் இருக்கும் குஞ்சப்பனைக்கு மேலே வரும்போது கருகல் நாற்றம். முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. அடுத்த தடவை இன்னும் ஆழமாக. பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவி சேர்ந்தால் அப்படித்தான் ஆகும் என்பது அப்போது தெரியாது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்க மண்ணில் முன் சக்கரத்தை உரசி நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த பையன் டிரம்மில் ஊற்றத் தண்ணீர்க் கேனை எடுத்தான், தடுத்துவிட்டேன். சூட்டில் இருக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

அன்றைக்கு டயரின் மேல் பழி போட்டேன். இன்றைக்கு யோசித்தால் டயரின் மேல் குற்றமில்லை. டயரை மாற்றிவிட்டு கிரவுனை விட்டுவைத்ததுதான் குற்றம்.

குன்னூர் மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். நீராவி எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் நிற்கும், ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட்டவர்கள், 12-க்கு 1 சரிவில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

அப்படியானால் கணக்கில் வருவதைவிட ஒரு படி பெரிய எண் போடுவது நல்லதா?

மலையிலேயே ஓடும் வண்டிக்கு நல்லது. கணக்கு 4.59 என்றால் 4.56 போதும். ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள் லோடோடு இறங்குபவர் 4.88 கிடைத்தால் அதைப் பார்க்கலாம். கோயம்புத்தூர், திருப்பூர் என்று நான்கு வழிச் சாலையில் நிறைய ஓடுபவர் கணக்கோடு நிற்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. எண் ஏற ஏறப் பினியன் சின்னதாகும். 10 பல் பினியனைவிட 8 பல் பினியன் ஒல்லி. ஒரே ஆக்சிலில் பெரிய எண்ணுக்குப் போகும்போது பல்லின் பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். இழுவை கூடிவிட்டதே என்று லோடையும் கூட்டினால் ஏற்றத்தில் ஒரு நாள் "டக்" என்று கேட்கும்.

ஊட்டி உயரத்தில் எஞ்சினே பலம் குறைகிறதாமே?

டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு ஆமாம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். எஞ்சினும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மெலியும். அதற்கு மேல் பெரிய டயர் 10 சதவீதத்தைத் தின்றால் மிச்சம் என்ன இருக்கிறது? பழைய ஜீப், பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் கணக்கைவிட ஒரு படி மேலே போவதற்கு இது தனிக் காரணம். டர்போ வண்டி இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் டர்போ எழுந்திருக்கச் சுற்று வேண்டும். வளைவில் 1,200 சுற்றில் தவித்துக்கொண்டிருந்தால் டர்போ இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ரேஷியோ மாற்றினால் டீசல் அதிகம் குடிக்குமா? ரோட்டில் கத்துமா?

80 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியர் நேர் 1-க்கு 1 என்று வைத்துப் பாருங்கள். பழைய டயர், 4.10: எஞ்சின் சுமார் 2,470. பெரிய டயர், 4.10: 2,210. பெரிய டயர், 4.56: 2,460. கம்பெனி கொடுத்தபோது எப்படிக் கத்தியதோ அப்படித்தான் கத்தும். ஐந்தாம் கியர் ஓவர்டிரைவாக (1-க்கும் குறைந்த ரேஷியோவாக) இருந்தால் எல்லாமே அந்த விகிதத்தில் குறையும்.

சரக்கு பிக்கப்பில் 80-ல் கட்டிப்போடும் வேகக் கருவி இருக்கும்போது அதற்கு மேலே என்ன ஆகும் என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

டீசலைப் பொறுத்தவரை, ரேஷியோ மாற்றாமல் பெரிய டயரோடு மூன்றாம் கியரில் ஓடவேண்டிய இடத்தில் இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு போனதில்தான் எனக்கு அதிகம் போனது. மாற்றிய பிறகு பழைய கணக்குக்குப் பக்கத்தில் வந்தது, முழுதாக வரவில்லை. டயரின் கனமும் அகலமும் எங்கே போகும்.

என் வண்டியில் இப்போது என்ன ரேஷியோ இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில வண்டிகளில் ஹவுசிங் போல்ட்டில் ஒரு சின்னத் தகடு தொங்கும், அதில் இருக்கும். பழைய வண்டியில் அது துருப்பிடித்து எப்போதோ விழுந்திருக்கும். ஹவுசிங்கைத் திறந்தால் கிரவுனின் ஓரத்திலேயே 41, 9 என்று பல் எண்ணிக்கை பொறித்திருக்கும்.

திறக்காமல் பார்க்க ஒரு வழி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. ஷாஃப்டில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு, தூக்கிய சக்கரத்தை முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. நாலு சுற்றும் கொஞ்சமும் என்றால் 4.10, நாலரையைத் தொட்டுத் தாண்டினால் 4.56. ஏன் இரண்டு சுற்று? ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத் தின்றுவிடும், அதனால்.

நம் ஊரில் சமதளத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பாருங்கள்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. பின்னால் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நாலு சக்கரத்தையும் போட்ட அந்த நிமிஷமே முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் என்று ஒன்றையொன்று முறுக்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். தார் ரோட்டில் ஏதாவது உடையும். செலவு இரண்டு மடங்கு என்பதால்தான் பலர் பின்னால் மட்டும் மாற்றிவிட்டு "நாலு சக்கரம் போடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்கிறார்கள். மழைக்காலத்தில் எஸ்டேட் மண் ரோட்டில் அந்தச் சத்தியம் நிற்காது.

நாலு சக்கர லோவில் (மெதுவாக ஓடி அதிகம் இழுக்கும் தனிக் கியரில்) இழுவை தாராளமாகக் கிடைக்குமே, ரேஷியோ எதற்கு என்றும் கேட்கிறார்கள். அது மண்ணுக்கும் சேற்றுக்கும். காய்ந்த தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் அதைப் போட்டுத் திருப்பினால் மேலே சொன்ன முறுக்கல் அங்கேயும் வரும்.

பழைய ஜீப்பின் கிரவுன் பினியன் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

ஆக்சில் அதே ரகமாக இருந்தால் மட்டும். 1940-களின் கடைசியில் மகிந்திரா இங்கே பூட்ட ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளில் 5.38 பிரபலம், 43-க்கு 8. போர்க்கால ஜீப்பில் 4.88, அது 39-க்கு 8. அந்த எண்கள் காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் 6.00-16 டயரோடு 5.38 ஓடும் வண்டி 80-ஐத் தொட்டால் எஞ்சின் 3,100-க்கு மேல் அலறும். அந்தக் காலத்தில் யாரும் 80-ல் போகவில்லை.

வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள். கிரவுன் ஒரு வண்டியிலிருந்து, பினியன் இன்னொரு வண்டியிலிருந்து என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டையும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி ஒரே எண் பொறித்து அனுப்புகிறார்கள், அந்த எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில ஆக்சில்களில் ரேஷியோ ஒரு எல்லையைத் தாண்டினால் கிரவுனைத் தாங்கும் உள் கூடும் மாற வேண்டும். இதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பாதியில் தெரிந்தால் வண்டி பட்டறையிலேயே படுத்துவிடும்.

எந்த மெக்கானிக்கும் மாற்றுவாரா?

கழற்ற எல்லோருக்கும் தெரியும். சரியாக உட்கார வைக்கச் சிலருக்குத்தான் தெரியும். என் முதல் மாற்றலில் நடந்தது இது: பட்டறையில் பழைய ஷிம்களை (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளை) அப்படியே திரும்பப் போட்டு, இறுக்கி, ஆயில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி வேகம் எடுத்ததும் "ஙொய்ய்" என்று ஒரு சத்தம். "புதுசு, ஓட ஓடச் சரியாகும்" என்றார்கள். சரியாகவில்லை. மூவாயிரம் கிலோமீட்டரில் பினியன் பேரிங் போனது, அதோடு பல்லும் போனது. புது ஜோடிக்குக் கொடுத்த பணம் தண்டம்.

பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது, கிரவுனுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, பேரிங் எவ்வளவு இறுக்கம் என்று மூன்றையும் அளந்துதான் பூட்ட வேண்டும். இடைவெளியைப் பேக்லாஷ் என்பார்கள். பெரும்பாலான பிக்கப் ஆக்சில்களில் 0.15-லிருந்து 0.25 மி.மீ. வரை இருக்கும், டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை முள்ளில் காட்டும் கருவி) இல்லாமல் இதைக் கையால் உணர்ந்து சொல்ல முடியாது. பிறகு பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயம் பல்லின் நடுவில் அழிந்திருந்தால் சரி, நுனியிலோ அடியிலோ அழிந்திருந்தால் மறுபடியும் கழற்றி ஷிம் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டுகிறவர்தான் நல்ல மெக்கானிக். ஒரே தடவையில் முடித்தவரைப் பார்த்து நான் இப்போது பயப்படுகிறேன்.

மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டயல் கேஜ் இருக்கா அண்ணா?" பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

மாற்றியதும் உடனே லோடு ஏற்றலாமா?

கூடாது. முதல் நாள் இருபது முப்பது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, ஹவுசிங் முழுதாக ஆறும் வரை விடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. முதல் 800 கிலோமீட்டருக்குக் கனமான லோடு வேண்டாம். அதன் பிறகு ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். வடிந்த ஆயிலில் வெள்ளிப்பொடி மாதிரி மின்னினால் பரவாயில்லை, விரலில் குத்தும் துண்டு வந்தால் திறந்து பாருங்கள். கிரவுன் பினியனின் ஹைப்பாய்டு (சாய்ந்து வளைந்த) பல்லுக்கு ஜி.எல்.5 ரக ஆயில். வண்டிப் புத்தகத்தில் சொன்ன தடிப்பு.

சிக்கல் என்னவென்றால் மலைக்காரனுக்கு லோடில்லாத வாரம் கிடைப்பதில்லை. நான் இரண்டாம் தடவை மாற்றியபோது கேரட் விலை படுத்துக் கிடந்த நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

பெரிய டயர் மட்டும் போட்டால் மீட்டர் 80 காட்டும்போது நிஜத்தில் 89 போவீர்கள் (31 அங்குலக் கணக்கு). மீட்டர் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஓடும் வண்டியாக இருந்தால், டயருக்கு ஏற்ற ரேஷியோ போட்டதும் அதுவாகவே சரியாகிவிடும். சக்கரத்தின் சென்சாரிலிருந்து வேகத்தைப் படிக்கும் புது வண்டியில் ரேஷியோ மாற்றினாலும் தப்பு அப்படியே நிற்கும், கணினியில் டயர் அளவைத் திருத்த வேண்டும்.

ஆர்.டி.ஓ.வில், எஃப்.சி.யில் (தகுதிச் சான்றில்) பிரச்சினை வருமா?

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைப் பற்றியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. கிரவுன் வெளியே தெரியாது, டயர் தெரியும். உங்கள் மாடலுக்குக் கம்பெனியே அனுமதித்த பெரிய அளவு ஒன்று இருக்கும், அதற்குள் நிற்பது நிம்மதி. இடித்துவிட்டு இன்ஷூரன்ஸ் கேட்கப் போகும்போதுதான் இந்தப் பிரிவின் அருமை தெரியும்.

நாங்கள் கொடைக்கானல் பக்கம். பூம்பாறை, மன்னவனூரிலிருந்து பூண்டு, கேரட். எங்களுக்கும் இதே கணக்கா?

இதேதான், பாதைக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முதலில் மேலேயே ஏற்ற இறக்கம், அப்புறம் பெருமாள்மலையில் பாதை பிரிகிறது. வத்தலக்குண்டுப் பக்கம் நீண்ட, ஒரே சீரான இறக்கம். பழனிப் பக்கம் குறுகல், வளைவுகள் இறுக்கம். பூண்டு ஏற்றி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறவர் காட் முடிந்ததும் சமவெளியில் நல்ல தூரம் ஓட வேண்டும், அவருக்குக் கணக்கில் வரும் எண்ணே சரி. பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் தோட்டத்துக்குள் காபியும் வாழையும் இறக்கிக்கொண்டு மலையை விட்டு அதிகம் இறங்காதவர் ஒரு படி மேலே போகலாம்.

எனக்கு மண் பாதையில் அடி இடிக்கிறது, அதனால்தான் பெரிய டயர். வேறு வழி உண்டா?

703-லிருந்து 787-க்குப் போனால் ஆக்சில் எவ்வளவு உயரும்? வித்தியாசத்தில் பாதி, 42 மி.மீ. மூன்று விரல் கூடக் கிடையாது. அந்த மூன்று விரலுக்கு நாலு டயர், கிரவுன் பினியன், கூலி, எஃப்.சி. தலைவலி. 235/75-க்குப் போய் 15 மி.மீ. வாங்கிக்கொண்டு, டயரின் பட்டையை (ரோட்டில் படும் வரிகளை) மழைப் பாதைக்குத் தகுந்ததாகத் தேர்ந்தெடுத்து, லோடை 200 கிலோ குறைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். இப்போது வண்டியை மாற்றினால் நான் அதைத்தான் செய்வேன்.

டயர் போட்டாகிவிட்டது. கிரவுனுக்குப் பணம் சேர மூன்று மாதமாகும். அதுவரை எப்படி ஓட்டுவது?

10 சதவீதம் தாண்டிய டயர் என்றால் லோடு வேண்டாம் என்று மேலே சொன்னது அப்படியே நிற்கிறது. மற்றபடி, முன்பு மூன்றாம் கியரில் இறங்கிய இடத்தில் இரண்டாம் கியர், இரண்டாம் கியரில் இறங்கிய இடத்தில் முதல் கியர். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைப் போட்டுவிடுங்கள், ஓட ஆரம்பித்த பிறகு கீழ்க் கியர் விழாது. நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போகாமல், அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிடுங்கள். பிரேக் ஆயில் பழையது என்றால் இந்த வாரமே மாற்றுங்கள். பழைய ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சீக்கிரம் கொதிக்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பக்கம் லோடோடு போகவே வேண்டாம். 36 கொண்டை ஊசி வளைவு, வெளியூர் வண்டியை அங்கே இறங்க விடாததற்குக் காரணம் இருக்கிறது.

ஏறும்போது கிளட்சைக் காப்பாற்றுங்கள். பலாப்பழ சீசனில் குஞ்சப்பனையில் யானை ரோட்டில் நின்றுவிட்டால் சரிவின் நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அப்போது ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தொங்கவிடாமல் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள். அது பழத்தைத் தின்று முடித்து ஓடைக்குள் இறங்கிய பிறகு, முதல் கியரில், ஒரே எடுப்பில் எடுங்கள்.